டாக்காவில் விளையும் கத்தரிக்காயைச் சென்னையில் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்?

7 ஜூன் 2025, காலை: ஒரு வாசகரின் கேள்வி

காய்ப்புழுவைத் தடுக்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகிய பி.டி. கத்தரியை வங்கதேச உழவர்கள் 2014 முதல் பயிரிட்டு வருகிறார்கள். அந்நாட்டு மக்கள் அதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். செடியும் ஒன்று, அதில் செருகிய மரபணுவும் ஒன்று. டாக்காவில் நஞ்சாகாத காய் சென்னைக்கு வந்ததும் நஞ்சாகிவிடுமா? ஒரு நாடு சோதித்து முடித்ததை அடுத்த நாடு முதலிலிருந்து சோதிப்பது காலத்துக்கும் பணத்துக்கும் கேடு. அறிவியல் உலகம் முழுவதற்கும் ஒன்றாக இருக்கும்போது உயிரித் தொழில்நுட்பத்துக்கு மட்டும் நாட்டுக்கொரு சட்டம் எதற்கு?

7 ஜூன், இரவு

அறிவியல் ஒன்றுதான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்தக் கத்தரியே அதற்கு நல்ல சான்று. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவை ஏந்திய, ஈ.ஈ.-1 என்று குறிக்கப்படும் அதே செருகல் இந்தியா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் மேசைக்கும் வந்தது. இந்தியாவில் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு 2009 அக்டோபர் 14 அன்று ஒப்புதல் தந்தது. நான்கு மாதம் ஆவதற்குள், 2010 பிப்ரவரி 9 அன்று, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்தது. 2014 ஜனவரியில் முதலில் 20 உழவர்கள் நாற்றைப் பெற்றார்கள். பிலிப்பைன்ஸில் கள ஆய்வையே 2015இல் உச்சநீதிமன்றம் தடுத்தது, அடுத்த ஆண்டு அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கிக்கொண்டது, 2022இல் பயிரிட அனுமதி வந்தது, 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியையும் ரத்து செய்தது.

ஆகவே வேறுபாடு ஆய்வகத்தில் இல்லை. ஒவ்வொரு நாடும் அந்தத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேட்டது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வங்கதேசம் உழவரின் பூச்சிமருந்துச் செலவைக் கேட்டது. பிலிப்பைன்ஸ் நீதிமன்றம், சமநிலையான, நலமான சூழலுக்கு மக்களுக்குள்ள அரசியலமைப்பு உரிமையைக் கேட்டது. நம் நாடு கத்தரி தோன்றிப் பெருகிய மண். இங்கே ஆயிரக்கணக்கான நாட்டு ரகங்களும் காட்டு உறவுச் செடிகளும் இருக்கின்றன. மகரந்தம் அவற்றோடு கலந்தால் என்ன ஆகும் என்பது டாக்காவில் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

8 ஜூன்

நேற்றைய கடைசி வாக்கியத்தை நான் திருத்த வேண்டும். இரண்டு பேர் சுட்டிக்காட்டியது சரி: கத்தரியின் பன்மைக்கு வங்காளச் சமவெளியும் தாயகம்தான். இயற்கை அங்கே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் தாயகம், அந்தப் பக்கம் அயல் என்று பிரிக்கவில்லை. எல்லையை அரசுகள் வரைந்தன. காட்டு உறவுச் செடிகள் பற்றிய கேள்வியை வங்கதேசமும் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்டோம் என்பதாலேயே அது நமக்கு மட்டும் உரிய கேள்வி ஆகிவிடாது.

நாம் ஏன் கேட்டோம் என்பதை யோசித்தால், கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது என்பதுதான் விடையாகத் தோன்றுகிறது. 2010 ஜனவரி, பிப்ரவரியில் அமைச்சர் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார். கொல்கத்தாவில் தொடங்கிய அந்தக் கூட்டங்கள் பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் முடிந்தன. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்ற நான்கு தமிழக ரகங்களில் இந்தச் செருகலைக் கொண்டுவந்திருந்த நிலையில், தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட வைக்காதது எனக்கு இன்றும் வருத்தம்தான். இரவு ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போனேன். அரங்கில் கன்னடமும் ஆங்கிலமும் மாறி மாறி ஒலித்தன. கூச்சலும் நிறைய இருந்தது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வரிசையில் என் முன்னால் நின்றார். அவர் எழுதி வைத்திருந்த தாளில் ஒரே ஒரு கேள்வி: "இந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாமா?" நச்சியல் அறிக்கையின் எந்த அட்டவணையிலும் அந்தக் கேள்விக்கு ஓர் இடம் கிடையாது. அவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விதான் பாதுகாப்பு.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்தக் கத்தரியின் நச்சுத்தன்மை, ஒவ்வாமைத் தரவுகளை வெளியிடச் சொல்லி 2008இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. உலகத்துக்கே ஒன்றான அறிவியல் என்றால் அதை உலகம் பார்க்கும்படி வைப்பதற்கு நீதிமன்றம் எதற்கு?

8 ஜூன், மாலை

கடுகு வழக்கை நினைவூட்டியதற்கு நன்றி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழு உருவாக்கிய, மரபணு மாற்றிய டி.எம்.எச்.-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் கிடைத்த நிபந்தனை அனுமதி மீது, 2024 ஜூலை 23 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரண்டாகப் பிரிந்து தீர்ப்பெழுதினார்கள். நீதிபதி நாகரத்னா அனுமதியை ரத்து செய்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, உள்நாட்டு ஆய்வு செய்யாமல் வெளிநாட்டு ஆய்வுகளையே அனுமதிக் குழு நம்பியது என்பது. நீதிபதி சஞ்சய் கரோல் குழுவின் அனுமதியில் குறை காணவில்லை. நம் வாசகரின் கேள்வியே அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிற்கிறது. மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

10 ஜூன்

"மதிப்பீடு என்றால் பாதுகாப்பை மட்டும் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அரசியல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் நிலை ஏறக்குறைய அதுதான். 1986இல் வகுத்த ஒருங்கிணைந்த சட்டகத்தின்படி, விளைபொருள் எப்படி உருவானது என்று கேட்காமல் அது என்ன செய்யும் என்று மட்டும் பழைய சட்டங்களைக் கொண்டே பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உருவாக்கும் முறையையே சட்டத்தின் வாசலாக வைத்திருக்கிறது. நார்வே இன்னும் ஒரு படி மேலே போகிறது: 1993இல் இயற்றிய மரபணுத் தொழில்நுட்பச் சட்டம், ஒரு பொருளால் கேடில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் சமூகத்துக்குப் பயன் உண்டா, நீடித்த வளர்ச்சிக்கு அது உதவுமா என்றும் எடைபோடச் சொல்கிறது. இவற்றில் எதையும் அறிவியலுக்கு எதிரானது என்று நான் சொல்ல மாட்டேன். "பாதுகாப்பை மட்டும் பார்" என்பதும் ஒரு மதிப்பீட்டு முடிவுதான். எதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

மரபணு மாற்றிய உயிர்கள் நாடு விட்டு நாடு போவதை ஒழுங்குபடுத்தும் கார்ட்டஹீனா உயிரிப் பாதுகாப்பு உடன்படிக்கை 2000இல் ஏற்கப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 26ஆம் பிரிவு, உயிரினப் பன்மையைக் காத்துப் பயன்படுத்தும் மக்களின் சமூக, பொருளாதார நிலையையும் நாடுகள் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. இந்தியாவும் வங்கதேசமும் பிலிப்பைன்ஸும் அதில் உறுப்பு நாடுகள். அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா ஆகியவை அதில் சேரவில்லை. தானியத்தைக் கப்பலேற்றும் நாடுகளில் பல ஒரு பக்கமும், இறக்கும் நாடுகளில் பல மறுபக்கமும் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

14 ஜூன்

பண்ருட்டிக்குப் பக்கத்தில் என் சித்தப்பா ஒன்றரை ஏக்கரில் கத்தரி போடுகிறார். போன வாரம் போயிருந்தபோது விடியற்காலையிலேயே மருந்து அடிக்கத் தொடங்கியிருந்தார். முதுகில் பதினாறு லிட்டர் டேங்க், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, வேறு கவசம் இல்லை. அந்தத் துண்டைச் சித்தி மற்றத் துணிகளோடு சேர்க்காமல் கிணற்றடியில் தனியாகத் துவைக்கிறார். காய்ப்புழு காம்புக்குக் கீழே குண்டூசித் தலை அளவுக்குத் துளை போட்டு உள்ளே போய்விடுகிறது. துளை வாயில் பழுப்பாய்க் கழிவு ஒட்டியிருக்கும். உள்ளே போன புழுவை எந்த மருந்தும் தொடாது என்பதால், முட்டை பொரிந்த புழு துளைக்கும் முன் அடித்துவிட வேண்டும் என்று, வாரத்துக்கு இரண்டு முறை அடிக்கிறார். அடித்த மூன்றாம் நாள் காய் பறித்துச் சென்னைக்கு லாரி ஏற்றுகிறார்.

2010இல் அமைச்சர் அந்தக் கத்தரியை நிறுத்திவைத்தது சரி என்று நான் எண்ணினேன். காரணங்களை எழுதி, கருத்துச் சொன்னவர்களின் கடிதங்களையும் இணைத்து அமைச்சர் வெளியிட்ட முறையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் சித்தப்பா டேங்கை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை: "நீ பெங்களூரு வரைக்கும் போயி வேணாம்னு சொன்னவங்களோட நின்னுட்டு வந்தே. நான் பதினஞ்சு வருசமா அடிச்சிக்கிட்டேதான் இருக்கேன்."

தற்சார்பான ஆய்வுகள் வந்து பாதுகாப்பை உறுதிசெய்யும் வரை நிறுத்திவைப்போம் என்பதுதான் அன்றைய முடிவு. அந்த ஆய்வுகளை யார் செய்வது, எப்போது முடிப்பது, யார் பணம் தருவது என்று எழுதாமல் விட்டதன் விலையைச் சித்தப்பாவின் நுரையீரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் பூச்சிக்கொல்லிக்கு "மருந்து" என்று பெயர் வைத்திருக்கிறோம். புதிய விதையை எடைபோடும்போது அந்த மருந்தும் தராசின் மறுதட்டில் ஏற வேண்டும் என்று அன்று நான் எழுந்து கேட்டிருக்க வேண்டும்.

14 ஜூன், இரவு

பி.டி. கத்தரி வந்தாலும் மருந்து அடிப்பது நின்றுவிடாது என்று ஒருவர் எழுதியது சரியான திருத்தம், ஏற்கிறேன். பி.டி. மரபணு தண்டு, காய் துளைக்கும் புழுவை மட்டுமே தடுக்கும். தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் அப்படியே இருக்கும், அவற்றுக்கு அடிக்க வேண்டியதை அடித்தே தீர வேண்டும். குறையும், நிற்காது.

15 ஜூன்

"இந்தியர்கள் மரபணு மாற்றப் பயிர் எதையும் உண்டதில்லை" என்று முன்பு நானும் பேசியிருக்கிறேன். இன்று மயிலாப்பூரில் வாங்கிய ஒரு மிக்சர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் சமையல் எண்ணெய் என்பதற்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் பருத்தி விதை என்று இருக்கிறது. பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி வந்தது; இன்று நாட்டில் விளையும் பருத்தியில் மிகப் பெரும் பகுதி அதுதான். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது என்பதால் இதில் அஞ்ச வேண்டியது உண்டு என்று நான் கருதவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து வரும் சோயா எண்ணெயும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் கோழித்தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். அதே ஆண்டு மார்ச் முதல், 24 வகை உணவுப் பயிர்களை இறக்குமதி செய்பவர் மரபணு மாற்றம் அற்றவை என்ற சான்றைக் கொண்டுவர வேண்டும், கலப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. வயலில் ஒரு கொள்கை, துறைமுகத்தில் ஒரு கொள்கை, கோழிக்கு வேறொரு கொள்கை. நாடுகளுக்கு இடையே விதிகள் வேறுபடுவதைப் பேசுகிறோம். நம் நாட்டுக்குள்ளேயே அவை ஒன்றோடொன்று பேசவில்லை.

22 ஜூன்

மே 4 அன்று வெளியிட்ட இரண்டு நெல் ரகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘டி.ஆர்.ஆர். தான் 100’ (தான் என்றால் இந்தியில் நெல்) என்ற கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 ஆகிய இரண்டும் மரபணுத் திருத்தம் செய்தவை. கமலாவின் தாய் சம்பா மசூரி, அதாவது பி.பி.டி. 5204. சென்னை அரிசிக் கடையில் ஆந்திரா பொன்னி என்று கேட்டால் மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார்களே, அந்த மெல்லிய அரிசி. அதில் அயல் மரபணு எதையும் சேர்க்கவில்லை. செடியிலேயே இருக்கும் ஒரு மரபணுவை வெட்டிச் செயல் குறைத்து, கதிரில் மணிகள் கூடும்படி செய்திருக்கிறார்கள். 20 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

இந்தியா 2022 மார்ச் 30 அன்று வெளியிட்ட குறிப்பாணை, அயல் மரபணு இல்லாத திருத்தங்களுக்கு, மரபணு மாற்ற உயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் 7 முதல் 11 வரையுள்ள பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆகவே இந்த நெல், கத்தரி போன வழியில் போகவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமோ 2018 ஜூலை 25 அன்று, இத்தகைய திருத்தமும் மரபணு மாற்றமே, அதே சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. அதைத் தளர்த்தும் வரைவை ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் முன்வைத்தது. ஜப்பானில் திருத்தம் செய்த தக்காளி 2021 முதல் விற்பனையில் இருக்கிறது. அங்கே அரசுக்கு அறிவித்துவிட்டு விற்கலாம். கமலாவின் ஒரு மூட்டை தஞ்சாவூரில் வெறும் நெல். ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கியதும் உரிமம் வேண்டிய பொருள். இதில் இன்னொரு சிக்கல்: எந்த இடத்தில் மாற்றம் என்று முன்பே சொன்னால் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்துவிடும், அந்த மாற்றம் மரபணுவை வெட்டியதால் வந்ததா, தானாக வந்ததா என்று ஆய்வகத்தால் சொல்ல முடியாது.

மசூரிக்கும் ஒரு பயணம் உண்டு. மலேசியாவில் வெளியான அந்த ரகம் தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனது. ஆந்திரத்தில் சம்பா மசூரியின் பெற்றோரில் ஒன்றானது. அந்தக் காலத்தில் விதைகள் எல்லை தாண்டியதற்கு யாரும் படிவம் நிரப்பச் சொல்லவில்லை. இப்போது அதற்கான தேசியப் பல்லுயிர் ஆணையம் நம் தரமணியிலேயே இருக்கிறது.

22 ஜூன், இரவு: சொற்களைப் பற்றி

தமிழில் இதற்கு "மரபணுத் திருத்தம்" என்ற சொல் நிலைத்துவிட்டது. நானும் மேலே அதையே எழுதினேன். எழுதிய பிறகு உறுத்துகிறது. தமிழில் திருத்துவது என்றால் பிழையை நீக்குவது. ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துகிறார். தரிசு நிலத்தைத் திருத்துகிறோம். கெட்டுப்போன பிள்ளையைத் திருத்துகிறோம். "மாற்றம்" என்றால் இருந்தது போய் வேறொன்று வந்துவிட்டது என்ற அச்சம் ஒட்டிக்கொள்கிறது. "திருத்தம்" என்றால் முன்பு இருந்தது பிழை என்று முடிவாகிவிடுகிறது. சம்பா மசூரியில் பிழை ஏதும் இல்லை. ஒரு பயிர் எந்தச் சொல்லோடு கிராமத்துக்குள் நுழைகிறதோ, பாதித் தீர்ப்பு அதிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. "மரபணுத் தொகுப்பு" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சேர்த்துக் கட்டுவதைக் குறிப்பதால் பொருந்தவில்லை. "மரபணுவைக் கத்தரித்த நெல்" என்று விளக்கிச் சொன்னபோது சித்தப்பாவுக்கு உடனே புரிந்தது.

29 ஜூன்

பயிரை விட்டு மனிதருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சொற்சிக்கலை நான் முதலில் கண்டது அங்கேதான். சென்னையில் ஒரு மருத்துவ நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில், மருத்துவர் அல்லாத பொதுமக்கள் சார்பான உறுப்பினராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடக்கும் ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்கள் வேற்று நாட்டில் எழுதி, தமிழாக்கப்பட்டு, எங்களிடம் வரும். ஒரு மரபியல் ஆய்வின் படிவத்தில் "உங்கள் மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு 15 ஆண்டுகள் வரை பாதுகாக்கப்படலாம்" என்று ஒரு வரி இருந்தது. இலக்கணம் சரி, மூலத்தோடு ஒப்பிட்டாலும் சரி. நாங்களும் ஒப்புதல் தந்துவிட்டோம்.

ஒப்புதல் பெறும் நாளில் நான் உடனிருந்தேன். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெண், சர்க்கரை நோயாளி, அந்த வரியில் விரலை வைத்து, "மாதிரின்னா, என்னா மாதிரி சார்?" என்று கேட்டார். நம் பேச்சில் "அந்த மாதிரி, இந்த மாதிரி" என்றுதான் அந்தச் சொல் புழங்குகிறது. உங்கள் ரத்தம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "என் ரத்தம் ஊரு விட்டு ஊரு போவுதா? போயி யாருகிட்ட இருக்கும்?" அதற்கு முன் கையெழுத்திட்ட பதினேழு பேரில் எத்தனை பேர் அதைப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்கள் என்று அன்று மாலை குழுத் தலைவரிடம் கேட்டேன். அனைவரையும் திரும்ப அழைத்து விளக்க வேண்டியதாயிற்று, இருவர் விலகிக்கொண்டார்கள். படிவத்தில் "உங்களிடமிருந்து எடுக்கும் ஒரு சிறு குழாய் ரத்தம்" என்று மாற்றினோம். ஒப்புதல் தந்தவர்களில் நானும் ஒருவன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குயி, மரபணு கத்தரித்த இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது உலகமே சட்டத்தைப் பற்றிப் பேசியது. நான் தேடிப் படித்தது ஒப்புதல் படிவத்தைத்தான். அதில் ஆய்வின் பெயர், எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம் என்றிருந்தது. கருவை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே 2003 முதல் வழிகாட்டி நெறி இருந்தது, மீறினால் என்ன தண்டனை என்பதுதான் அதில் இல்லை. 2019 டிசம்பரில் அவருக்குச் சட்டவிரோத மருத்துவத் தொழில் என்ற குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள்.

6 ஜூலை

இதுவரை வாசகரின் கருத்துக்கு எதிராகவே எழுதி வந்திருக்கிறேன். ஓரிடத்தில் அவர் பக்கம் நிற்கிறேன். 2024 ஆகஸ்டில் நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் ஒப்புதல் பெற்ற சில வகை மருந்துகளுக்கு இங்கே மறுபடி ஆய்வு நடத்தத் தேவையில்லை என்று விலக்கு அளித்தது. அரிய நோய்களுக்கான மருந்துகளும் மரபணுச் சிகிச்சையும் அதில் அடங்கும். முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு உள்ள குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. நாட்டுக்கொரு சோதனை என்று அங்கே பேசுவது அந்தக் குழந்தையின் காலத்தை எடுத்துக்கொள்வதாகும்.

அப்படியானால் கத்தரியில் ஏன் தயங்குகிறேன்? இந்த ஒரு வாரமாக யோசித்துக் கண்டது இது. மருந்து ஓர் உடலுக்குள் போகிறது. அந்த உடலுக்குரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அல்லது பெற்றோர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தவறென்று தெரிந்தால் அடுத்தவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிடலாம். விதை பக்கத்து வயலுக்குப் போகிறது. தேனீ யாரிடமும் ஒப்புதல் வாங்குவதில்லை. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும் ஓரளவு அயல் மகரந்தமும் ஏறும். வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி உழவர் தன் காயில் வேறு மரபணு வேண்டாம் என்றால் அவர் சொல்லுக்கும் எடை உண்டு. திரும்பப் பெற முடியுமா, யாரைக் கேட்காமல் யாரிடம் போய்ச் சேரும் என்ற இரண்டையும் வைத்துத்தான் வெளிநாட்டு ஒப்புதலை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்று பிரிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

18 ஜூலை

இங்கிலாந்தின் நியூகாசிலில் மூவரின் மரபுப்பொருளோடு (பெற்றோர் இருவரோடு, தாயின் மைட்டோகாண்டிரியா நோய் குழந்தைக்கு வராதிருக்க இன்னொரு பெண்ணின் கருமுட்டையிலிருந்தும் எடுத்து) எட்டுக் குழந்தைகள் பிறந்த செய்தி இந்த வாரம் வந்திருக்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றம் 2015 பிப்ரவரியில், கீழவையில் 382க்கு 128 என்ற வாக்குகளில் அதை அனுமதித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக உரிமம் என்று வைத்தது. பத்தாண்டுகள் பொறுத்தார்கள். அதற்கு முன்பே 2016இல், நியூயார்க் மருத்துவர் ஒருவர் ஜோர்டான் நாட்டுத் தம்பதிக்காக மெக்சிகோவில் அதைச் செய்து முடித்திருந்தார்; அமெரிக்காவில் அதற்கு வழியில்லை, மெக்சிகோவில் தடுக்க விதியில்லை. விதிகள் வேறுபடுவதால் வரும் உண்மையான தீங்கு இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

24 ஆகஸ்ட்

சுருக்கமாக. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் அரசு இந்த வாரம் மலேரியாக் கொசு ஆய்வுத் திட்டத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. 2019 ஜூலையில் பானா என்ற சிற்றூரில் மரபணு மாற்றிய மலட்டு ஆண் கொசுக்களை விடுவதற்கு முன், ஜூலா மொழியில் மரபியலுக்கு ஒரு சொற்பட்டியலை மொழியியலாளர்களோடு உட்கார்ந்து உருவாக்கினார்கள் என்று படித்ததிலிருந்து அந்தத் திட்டத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஊரார் ஒப்புக்கொண்டும் தலைநகரம் மறுத்துவிட்டது. நம் நாட்டிலும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு டெல்லியில் நடந்த கொசு மரபியல் ஆய்வு, நாடாளுமன்றத்தில் எழுந்த ஐயங்களோடு 1975இல் மூடப்பட்டது. அன்று டெல்லியில் மக்களிடம் யாரும் சொற்களைத் தேடிக்கொண்டு போனதாக நான் படித்ததில்லை.

31 ஆகஸ்ட்

முதல் கேள்விக்கு இப்போது நான் தரும் விடை ஜூன் 7இல் தந்ததிலிருந்து மாறியிருக்கிறது. டாக்காவின் நச்சியல் தரவையும் அங்கே பல பருவங்களாக உழவர் கண்டதையும் முழுதாக ஏற்றுக்கொள்வேன். எலிக்கு ஊட்டிப் பார்ப்பதை இங்கே மறுபடி செய்யத் தேவையில்லை. மகரந்தம் நம் நாட்டு ரகங்களோடு கலக்கும் அளவையும், கலந்தால் யார் பொறுப்பு என்பதையும், மருந்து எவ்வளவு குறையும் என்பதையும் இங்கேதான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும். முடிவு எதுவானாலும் காரணங்கள் தமிழில் வெளியாக வேண்டும். அவற்றைப் பேசும் கூட்டம் ஒன்று பண்ருட்டியில் நடக்க வேண்டும்.

இதையெல்லாம் நேற்று சித்தப்பாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இரண்டு கேள்வி கேட்டார். விதையை எடுத்து வைக்கலாமா என்பது முதலாவது. பெங்களூரில் அந்தப் பெரியவர் தாளில் எழுதியிருந்த அதே கேள்வி. கோயம்புத்தூரில் உருவாக்கிய நான்கும் வீரிய ஒட்டு அல்ல, ரகங்கள் என்பதால் எடுத்து வைக்கலாம் என்றேன். இரண்டாவது, "நான் போட்டு, பக்கத்து வயக்காரன் வேணாம்னா?" பொறுப்பு, இழப்பீடு பற்றிய நாகோயா–கோலாலம்பூர் துணை உடன்படிக்கை 2018இல் நடைமுறைக்கு வந்தது, இழப்பைச் சீர்செய்யும் வழியை அது பெரும்பாலும் அந்தந்த நாட்டுச் சட்டத்திடம் விடுகிறது. அதை எப்படி அவரிடம் சொல்வது என்று தெரியாமல், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டதை அவர் சொற்களிலேயே எழுதி, இன்று காலை சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே இடுகிறேன்.